முதல் வரவேற்பும் முடித்த பணியும்

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் முன்னோர் கண்ட அனுபவ மொழி. வீட்டுக்கு வரும் விருந்தினர்க்கு மட்டுமன்றி, நாட்டை நடத்த வரும் தலைவர்க்கும் அது பொருந்தும். புதியவர் ஒருவர் ஆட்சிப் பொறுப்பை ஏற்கும்போது மக்கள் அவரை மாலையிட்டு வரவேற்கின்றனர். அவர் பேசத் தொடங்குமுன்பே கைதட்டுகின்றனர். முன்னவர் செய்யத் தவறியவற்றையெல்லாம் இவர் செய்து முடிப்பார் என்று நம்புகின்றனர். சில திங்கள் கழிகின்றன. மாலை வாடுகிறது, கைதட்டல் ஓய்கிறது, முணுமுணுப்புத் தொடங்குகிறது. எந்த நாட்டு வரலாற்றைப் புரட்டினும் இக்காட்சியைக் காணலாம்.

அப்படியாயின் அந்த முதல் வரவேற்புக்குப் பொருள்தான் என்ன? அது வெறும் ஆரவாரமா? அல்லது, தலைவர் வகுத்து வைத்திருக்கும் திட்டங்கள் நிறைவேறும் என்பதற்கு அது ஓர் அடையாளமா? சிங்கப்பூரின் கடந்த எழுபது ஆண்டு வரலாற்றிலிருந்து இக்கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம். இது அரசியலாருக்கு மட்டும் உரிய கேள்வி அன்று. இந்நாட்டில் தமிழ்மொழி பெற்றிருக்கும் இடத்துக்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்பதைப் போகப் போகக் காண்போம்.

எண்ணால் அளந்த வரவேற்பு

மக்களின் வரவேற்பை எண்ணால் அளந்து பார்க்கும் வழக்கத்தை அமெரிக்காவில் 1930களில் கேலப் நிறுவனத்தார் தொடங்கினர். அதிபரின் செயலை ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா என்று குடிமக்களுள் ஒரு பகுதியினரைக் கேட்டு, ஏற்போர் நூற்றுக்கு இத்தனை பேர் என்று அவர்கள் வெளியிடுவர். 1945இல் ரூஸ்வெல்ட் மறைந்ததும் பதவிக்கு வந்த ட்ரூமனை நூற்றுக்கு 87 பேர் ஏற்றனர். மறு ஆண்டு முடிவதற்குள் அந்த எண் நாற்பதுக்கும் கீழே இறங்கிவிட்டது. 1974 ஆகஸ்டில் பதவியேற்ற போர்டை நூற்றுக்கு 71 பேர் ஏற்றனர். தமக்கு முன்னிருந்த நிக்சனுக்கு அவர் மன்னிப்பு வழங்கிய செப்டம்பர் திங்களிலேயே அது ஐம்பதாகச் சரிந்தது.

இவ்விருவரோடு ஜான்சனையும் வைத்துப் பார்த்தல் வேண்டும். 1963 நவம்பரில் கென்னடி கொலையுண்டபின் அதிபரானவர் அவர். நாட்டின் துயரத்தோடு கலந்து வந்த ஆதரவை அவர் ஆற விடவில்லை. எட்டுத் திங்களுக்குள், 1964 ஜூலையில், கறுப்பின மக்களுக்குச் சம உரிமை வழங்கும் சட்டத்தை நிறைவேற்றிவிட்டார். அவருடைய புகழ் பின்னர் வியட்நாம் போரில் கரைந்து போயிற்று. ஆனால், அந்தச் சட்டம் கரையவில்லை. எண் தாழ்ந்தது, எழுத்து நின்றது. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு நம் நாட்டுக்குத் திரும்புவோம்.

ஆப்பிள் மரத்தடி முதலமைச்சர்

1950களின் சிங்கப்பூரில் கருத்துக் கணிப்பு ஏதும் இல்லை. மக்களின் மனத்தை அறிய வேறு அளவுகோல்கள் இருந்தன. பொதுக்கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தனர், மனுவில் எத்தனை பேர் கையொப்பமிட்டனர், இடைத்தேர்தலில் யார் வென்றார் என்பனவே அவை.

ரெண்டல் குழுவின் பரிந்துரைப்படி அமைந்த புதிய அரசியல் சட்டத்தின்கீழ் 1955 ஏப்ரல் 2ஆம் நாள் தேர்தல் நடைபெற்றது. வாக்காளர் பட்டியலில் பெயர்கள் தாமாகவே பதிவாகும் முறை வந்ததால், வாக்குரிமை பெற்றோர் தொகை ஏறக்குறைய மூன்று இலட்சமாக உயர்ந்திருந்தது. சட்டமன்றத்தில் மக்கள் தேர்ந்தெடுக்கும் இடங்கள் 25. அவற்றுள் 10 இடங்களைத் தொழிலாளர் முன்னணி பெற்றது. அப்போது புதிய கட்சியாயிருந்த மக்கள் செயல் கட்சிக்குக் கிடைத்தவை மூன்றே இடங்கள். தஞ்சோங் பகாரில் லீ குவான் இயூவும், புக்கிட் தீமாவில் லிம் சின் சியோங்கும் வென்றனர். மூன்றாவது இடம் எது தெரியுமா? பொங்கோல்-தெம்பனிஸ். அங்கு வென்றவர் கோ சியூ சுவா. இன்று அடுக்குமாடி வீடுகள் நிறைந்து நகராய் விளங்கும் தெம்பனிஸ், அன்று தோட்டங்களும் கம்பங்களும் மணல் தோண்டிய குழிகளும் நிறைந்த நாட்டுப்புறம். அந்த நாட்டுப்புற மக்களின் வாக்கு, பின்னர் நிகழவிருந்தவற்றுக்கு ஒரு முன்னறிவிப்பாக அமைந்தது எனலாம்.

தொழிலாளர் முன்னணியின் தலைவர் டேவிட் மார்ஷல் முதலமைச்சரானார். பாக்தாத்திலிருந்து வந்த யூத மரபில் 1908இல் சிங்கப்பூரில் பிறந்தவர். குற்றவியல் வழக்கறிஞராகப் புகழ் பெற்றவர். எம்பிரஸ் பிளேசில் ஒரு பழைய மரத்தடியில் நின்று நண்பகல் வேளையில் அவர் ஆற்றிய உரைகளைக் கேட்க மக்கள் திரண்டனர். அந்த மரத்தை 'பழைய ஆப்பிள் மரம்' என்றே அவர் அழைத்தார். பதவியேற்றபின் தமக்கென ஓர் அலுவலகம் வேண்டும் என்று ஆளுநர் ஜான் நிக்கலிடம் கேட்டார். ஆளுநர் தயங்கினார். அந்த மரத்தடியிலேயே மேசையைப் போட்டுக்கொண்டு அலுவல் பார்ப்பேன் என்று மார்ஷல் எச்சரித்த பிறகே, மாடிப்படியின் கீழ் ஒரு சிறு அறை அவருக்குக் கிடைத்தது.

நகைச்சுவைச் செய்தி போலத் தோன்றும் இந்நிகழ்ச்சியில் ஆழ்ந்த உண்மை ஒன்று அடங்கியிருக்கிறது. மரத்தடியில் கூடிய மக்கள் மார்ஷலுக்கு அன்பைத் தந்தனர். அதிகாரத்தைத் தர அவர்களால் இயலவில்லை. அது ஆளுநரின் கையில் இருந்தது. பாதுகாப்பும் வெளியுறவும் நிதியும் பிரிட்டிஷாரின் பிடியிலேயே இருந்தன. மக்கள் கொடுத்த வரவேற்பும் சட்டம் கொடுத்த அதிகாரமும் ஒன்றல்ல என்பதை அந்த மாடிப்படி அறையே சொல்லாமல் சொல்லிற்று.

அடுத்த திங்களே சோதனை வந்தது. 1955 மே 12ஆம் நாள் ஹோக் லீ பேருந்து நிறுவனத் தொழிலாளர் போராட்டம் கலவரமாக மாறி, நால்வர் உயிரிழந்தனர். அவசரகாலச் சட்டத்தை நீக்குவேன் என்று தேர்தலில் வாக்களித்திருந்த மார்ஷல், அதற்கு மாற்றாக வேறொரு பொதுப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவர வேண்டிய நிலைக்கு ஆளானார். பொறுப்பேற்று ஆறு திங்கள் கழிந்த அளவில், அவருடைய மாலையின் முதற் பூக்கள் உதிரத் தொடங்கியிருந்தன.

ஆயினும் மார்ஷல் மக்களை விட்டு விலகிச் செல்லவில்லை. வாரந்தோறும் குடிமக்களை நேரில் கண்டு குறை கேட்கும் வழக்கத்தை இந்நாட்டில் தொடங்கி வைத்தவர் அவரே. இன்று ஒவ்வொரு தொகுதியிலும் நாடாளுமன்ற உறுப்பினர்கள் மக்களைச் சந்திக்கும் கூட்டங்களுக்கு அதுவே முன்னோடி. வேலை கேட்டும் வீடு கேட்டும் வரும் ஏழை எளியவர்கள் வரிசையில் இன்றும் காத்திருக்கின்றனர். அவ்வரிசையைத் தொடங்கி வைத்தவர் யார் என்பதை அவர்களுள் எத்தனை பேர் அறிவர்?

ஒரு இலட்சத்து 67 ஆயிரம் கையொப்பங்கள்

தன்னாட்சி கேட்டு இலண்டனுக்குப் புறப்படுமுன், தமக்குப் பின்னால் மக்கள் இருக்கின்றனர் என்பதை மெய்ப்பிக்க மார்ஷல் விரும்பினார். 1956 மார்ச்சில் 'மெர்டேக்கா வாரம்' கொண்டாடப்பட்டது. தன்னாட்சி கோரும் மனுவில் ஏறத்தாழ ஒரு இலட்சத்து 67 ஆயிரம் பேர் கையொப்பமிட்டனர். முந்திய ஆண்டில் வாக்களித்தோரின் தொகையே அதைவிடக் குறைவு என்பதை எண்ணிப் பார்த்தால், இது எத்துணைப் பெரிய ஆதரவு என்பது விளங்கும். கல்லாங் விமான நிலையத்தில் நடந்த நிறைவுக் கூட்டத்துக்குப் பல்லாயிரவர் திரண்டனர். நெருக்கடியில் மேடை சரிந்து பெருங்குழப்பம் நேர்ந்தது. அந்நேரம் சிங்கப்பூருக்கு வந்திருந்த பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அதனைக் கண்ணாரக் கண்டனர்.

இலண்டன் பேச்சு ஏப்ரலில் தொடங்கி மே நடுவில் முறிந்தது. உள்நாட்டுப் பாதுகாப்பில் இறுதிச் சொல் யாருடையது என்பதே முடிச்சு. பிரிட்டிஷார் அதனை விட்டுக்கொடுக்க மறுத்தனர். மார்ஷல் குறைவாகப் பெற்றுக்கொள்ள மறுத்தார். தன்னாட்சியின்றித் திரும்பினால் பதவி விலகுவேன் என்று கூறிச் சென்றவர், சொன்ன சொல் தவறாமல் ஜூன் திங்களில் விலகினார். பதவியில் இருந்தது பதினான்கே திங்கள்.

கையொப்பங்களின் கட்டு இலண்டனை அசைக்கவில்லை. மக்கள் ஆதரவு மார்ஷலுக்குப் பேசும் துணிவைத் தந்தது. இணங்கிப் போகும் இடத்தைத் தரவில்லை. ஒரு இலட்சத்து 67 ஆயிரம் பேரிடம் கையொப்பம் வாங்கியவர், பாதியைப் பெற்றுக்கொண்டு திரும்புவது எங்ஙனம்? பெருகிய வரவேற்பு சில வேளைகளில் தலைவரின் கைகளைக் கட்டிவிடவும் கூடும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

அவருக்குப்பின் முதலமைச்சரான லிம் இயூ ஹோக்கின் கதை இதற்கு நேர்மாறானது. 1956 அக்டோபரில் சீன உயர்நிலைப் பள்ளி மாணவர் கிளர்ச்சியை அவர் கடுமையாக அடக்கினார். கலவரத்தில் பதின்மூவர் மாண்டனர். பிரிட்டிஷாரின் நம்பிக்கை அவருக்குக் கிட்டியது. மக்களின் நம்பிக்கை கைநழுவியது. 1957, 1958ஆம் ஆண்டுகளில் இலண்டன் சென்று தன்னாட்சி உடன்பாட்டைப் பெற்று வந்தவர் அவரே. பாதுகாப்பு மன்றத்தில் சிங்கப்பூருக்கு மூவர், பிரிட்டனுக்கு மூவர், மலாயாவுக்கு ஒருவர் என்ற ஏற்பாட்டால் பழைய முடிச்சு அவிழ்ந்தது. ஆனால், 1959 தேர்தலில் அவருடைய கட்சிக்குக் கிடைத்தவை நான்கு இடங்களே. ஒருவர்க்குப் புகழ் இருந்தது, பயன் இல்லை. மற்றவர்க்குப் பயன் இருந்தது, புகழ் இல்லை. இருவரும் உழுத நிலத்தில் அறுவடை செய்தவர் மூன்றாமவர்.

மார்ஷல் விட்டுச் சென்றது

எனின், மார்ஷலின் பதினான்கு திங்களும் வீணாயினவா? இவ்விடத்தில்தான் நாம் ஊன்றி நோக்க வேண்டும்.

சீனப் பள்ளிகளின் சிக்கலை ஆராய 1955இல் சட்டமன்றம் அனைத்துக் கட்சிக் குழு ஒன்றை அமைத்தது. 1956 பிப்ரவரியில் அக்குழு அறிக்கை தந்தது. சீனம், மலாய், தமிழ், ஆங்கிலம் என்னும் நான்கு மொழிப் பள்ளிகளும் சமமாக நடத்தப்பட வேண்டும் என்பது அதன் முடிவு. சட்டமன்ற விவாதங்களில் ஆங்கிலத்தோடு மலாய், மாண்டரின், தமிழ் ஆகிய மொழிகளிலும் பேசலாம் என்ற தீர்மானமும் அதே திங்களில் நிறைவேறியது. ஆங்கிலம் தெரிந்தவர் மட்டுமே பேச முடிந்த மன்றத்தில் தமிழுக்கும் ஓர் இருக்கை போடப்பட்டது. சீன மொழிச் சிக்கலைத் தீர்க்க வந்த குழு தமிழையும் உடன் அழைத்துச் சென்றது நம் மொழியின் நற்பேறு. எண்ணிக்கையில் சிறிய இனத்துக்கு எண்ணிக்கையால் கிடைக்க முடியாத ஒன்று, சமம் என்னும் கொள்கையால் கிடைத்தது.

குடியுரிமையும் அத்தகையதே. இங்கே பல்லாண்டு உழைத்தும் வாக்குரிமையற்றுக் கிடந்தவர்களுக்குக் குடியுரிமை வேண்டும் என்று மார்ஷல் வாதாடினார். அவர் விலகியபின், 1957இல், குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் அதன்படி குடிமக்களாகப் பதிந்துகொண்டனர். "பதிந்துகொள்ளுங்கள்" என்று தமிழர்களை இடைவிடாது தூண்டியவர் தமிழ் முரசின் நிறுவனர் தமிழவேள் கோ. சாரங்கபாணி. தோட்டத்திலும் துறைமுகத்திலும் உழைத்த தமிழர்களுள் பலர், வந்து போகும் கூலிகள் என்ற நிலை மாறி, இந்நாட்டில் உரிமையுள்ளவராய் ஆயினர்.

மொழிச் சமத்துவம் அடுத்தடுத்த அரசுகளாலும் போற்றப்பட்டது. 1965இல் நாடு தனிக் குடியரசானபோது மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கும் அதிகாரத்துவ மொழிகள் என்று சட்டத்தில் எழுதப்பட்டது. மார்ஷலின் பெருங்கூட்டங்கள் கலைந்து போயின. ஆனால், அவர் காலத்தில் சட்டமன்ற ஏட்டில் பதிந்த சில வரிகள் கலையவில்லை.

43 இடங்களும் 27 வாக்குகளும்

1959 மே 30ஆம் நாள் நடந்த தேர்தலில் வாக்களிப்பு முதன்முறையாகக் கட்டாயமாயிற்று. 51 இடங்களில் 43ஐ மக்கள் செயல் கட்சி வென்றது. தெம்பனிஸ் தொகுதி அப்போது தனித் தொகுதியாகியிருந்தது. கோ சியூ சுவாவே அங்கு மீண்டும் வந்தார். இத்துணை இடங்கள் கிடைத்தாலும், கட்சி பெற்ற வாக்குகள் பாதிக்குச் சற்று மிகுதியே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

லீ குவான் இயூ அந்த வரவேற்பைச் சேமித்து வைக்கவில்லை, உடனே செலவிட்டார். சிறையிலிருந்த தோழர்கள் விடுதலையாகும்வரை பதவியேற்க மறுத்து, அவர்கள் ஜூன் 4ஆம் நாள் வெளிவந்தபின் மறுநாள் பொறுப்பேற்றார். அரசாங்க ஊழியர்களின் படியைக் குறைத்தார். அவர்களுடைய சினத்துக்கு ஆளானார். ஆபாச ஏடுகளுக்குத் தடை வந்தது. டிசம்பரில் நாட்டுக்குக் கொடியும் பண்ணும் கிடைத்தன. யூசோப் இஷாக் நாட்டின் தலைவராக அமர்ந்தார். 1960 பிப்ரவரியில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகமும், ஜூலையில் மக்கள் கழகமும் அமைந்தன. 1961இல் மாதர் சாசனம் சட்டமாகி, ஒருவனுக்கு ஒருத்தி என்னும் மண நெறியை முஸ்லிம் அல்லாதார்க்குக் கட்டாயமாக்கியது.

இத்தனை செய்தும் விளைந்தது என்ன? 1961 ஏப்ரலில் ஹோங் லிம் இடைத்தேர்தல் வந்தது. கட்சியிலிருந்து நீக்கப்பட்ட ஓங் எங் குவான், நூற்றுக்கு 73 பங்கு வாக்குகளுடன் ஆளுங்கட்சியை வீழ்த்தினார். ஜூலையில் ஆன்சன் இடைத்தேர்தல். அங்கு வென்றவர் வேறு யாருமல்லர்; ஐந்தாண்டுகளுக்கு முன் பதவி துறந்த அதே டேவிட் மார்ஷல்தான். வேறுபாடு 546 வாக்குகள். அதே திங்களில் சட்டமன்றத்தில் நம்பிக்கை வாக்கெடுப்பு நடந்தபோது, 51 பேரில் அரசுக்கு ஆதரவாக நின்றவர் 27 பேரே. மருத்துவமனையில் படுத்திருந்த ஓர் உறுப்பினரை அழைத்து வந்தே அந்த எண்ணை எட்ட நேர்ந்தது. 43 என்னும் மலை இரண்டே ஆண்டில் மணற்குன்றாய்ச் சரிந்துவிட்டது.

காரணங்கள் பல. கட்சிக்குள் இருந்த பிளவு அவற்றுள் தலையாயது. ஆயினும் வேறொரு காரணத்தையும் கருதுதல் வேண்டும். கைதட்டல் திங்கள் கணக்கில் தேய்கிறது. வீடு ஆண்டுக் கணக்கில் எழுகிறது. ஹோங் லிம் தோல்விக்கும் ஆன்சன் தோல்விக்கும் இடையில், 1961 மே 25ஆம் நாள், புக்கிட் ஹோ சுவீயில் பெருந்தீ மூண்டு ஏறத்தாழ 16 ஆயிரம் பேர் வீடிழந்தனர். ஆன்சன் மக்கள் வாக்களித்த நாளில் அவ்விடம் சாம்பல் மேடு. அங்கு எழுந்த மாடி வீடுகளை நாடு கண்டது அதற்குப் பின்னரே. முந்திய நகர மேம்பாட்டு அறநிறுவனம் முப்பத்திரண்டு ஆண்டுகளில் கட்டியவை ஏறத்தாழ 23 ஆயிரம் வீடுகள். புதிய கழகமோ முதல் ஐந்தாண்டுகளிலேயே 50 ஆயிரத்துக்கு மேல் கட்டி முடித்தது. வரவேற்பின் சூட்டில் அமைத்த நிறுவனம், வரவேற்பு ஆறிப்போன காலத்திலும் வேலை செய்துகொண்டே இருந்தது.

1963 செப்டம்பர் தேர்தலில் மக்கள் செயல் கட்சி 37 இடங்களுடன் மீண்டது. அதற்கு முன் லீ தொகுதி தொகுதியாகச் சுற்றி வந்ததும், எழுந்து நின்ற வீடுகளும் அதற்குத் துணை நின்றன. அவ்வாண்டு பிப்ரவரியில் எதிர்த்தரப்புத் தலைவர் பலர் விசாரணையின்றிச் சிறைப்பட்டதும் அதற்கு வழிவகுத்தது என்பதை மறைத்தல் வரலாற்றுக்கு அழகன்று. தெம்பனிஸ் மக்களோ இம்முறை மாற்றி வாக்களித்துப் பாரிசான் சோசலிஸ் கட்சியைத் தேர்ந்தனர். 1955இல் மாலையிட்ட அதே வட்டாரம் எட்டே ஆண்டில் மாலையை வேறொருவர்க்குச் சூட்டியது. மக்களின் அன்பு எவர்க்கும் எழுதிக் கொடுத்த சொத்து அன்று என்பதைத் தெம்பனிஸ் உணர்த்திற்று.

தமிழகம் தரும் சான்று

இது சிங்கப்பூருக்கு மட்டும் உரிய பாடம் என்று கருதவேண்டா. 1967இல் தமிழகத்தில் ஆட்சிக்கு வந்த அறிஞர் அண்ணாவைப் போல் மக்களின் அன்பைப் பெற்றோர் அரியர். ரூபாய்க்கு மூன்று படி அரிசி இலட்சியம், ஒரு படி நிச்சயம் என்பது அவருடைய கட்சி தந்த வாக்கு. அதனை மாநிலம் முழுதும் நிறைவேற்றப் பணம் இடந்தரவில்லை. சென்னையிலும் கோவையிலும் படி அரிசி வழங்குவதோடு அது நின்றது. ஆனால், சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு, தமிழ்நாடு என்னும் பெயர்மாற்றம், இருமொழிக் கொள்கை ஆகிய மூன்றும் அவருடைய குறுகிய ஆட்சிக் காலத்தில் உறுதி பெற்றன. 1969 பிப்ரவரி 3ஆம் நாள் அவர் மறைந்தார். இரண்டு ஆண்டுக்கும் குறைந்த ஆட்சி! கருவூலத்தை நம்பிய வாக்குறுதி தளர்ந்தது. சட்டத்தில் ஏறிய கொள்கை நிலைத்தது.

அதிபரும் விழுக்காடும்

இனி, நம் நாட்டு அதிபர் பதவியை நோக்குவோம். 1991இல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டு, அதிபரை மக்களே தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. முன்னைய அரசுகள் சேர்த்து வைத்த இருப்புநிதியைக் காப்பதும், முக்கிய நியமனங்களை ஏற்பதும் மறுப்பதும் அவருக்கு உரிய தனி அதிகாரங்கள். மற்றவற்றில் அவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே நடத்தல் வேண்டும். அமெரிக்க அதிபரைப் போல் அவருக்கென ஒரு வேலைத்திட்டம் கிடையாது.

1993இல் ஓங் டெங் சியோங் 58.7 விழுக்காடு வாக்குப் பெற்று, மக்கள் தேர்ந்தெடுத்த முதல் அதிபரானார். காக்க வேண்டிய இருப்பின் முழுப் பட்டியலைத் தருமாறு அவர் கேட்டார். அரசாங்கச் சொத்துக்கள் அனைத்தையும் மதிப்பிடுவதற்கு ஒருவர் 56 ஆண்டு செய்யும் வேலையளவு தேவைப்படும் என்று அவருக்கு விடை வந்தது. 1999இல் பதவியை விட்டு நீங்கும் வேளையில் இக்குறையை அவர் வெளிப்படையாகவே கூறினார். மக்களின் வாக்கு அவருக்குக் கேள்வி கேட்கும் உரிமையைத் தந்தது. விடை பெறும் வழியை வாக்கு தரவில்லை. அதனை விதிமுறைதான் தரவேண்டியிருந்தது. மார்ஷலின் மாடிப்படி அறை இங்கு நம் நினைவுக்கு வருகிறதன்றோ?

அவருக்குப்பின் வந்த எஸ். ஆர். நாதன் 1999இலும் 2005இலும் போட்டியின்றித் தேர்வு பெற்றவர். விழுக்காடு என்று சொல்ல அவருக்கு ஒன்றுமே இல்லை. எனினும் 2000ஆம் ஆண்டில் அவர் தொடங்கிய அதிபர் சவால் என்னும் அறநிதி இயக்கம், அவருக்குப் பின்னும் ஆண்டுதோறும் தொடர்ந்து நடந்து வருகிறது. 2011இல் டோனி டான் 35.2 விழுக்காட்டோடு, ஏழாயிரத்துச் சொச்சம் வாக்கு வேறுபாட்டில் வென்றார். அவருடைய அதிகாரம் அதனால் ஓர் அணுவும் குறையவில்லை.

2023 செப்டம்பர் 1ஆம் நாள் தமிழ் மரபினரான தர்மன் சண்முகரத்னம், இரு சீனப் போட்டியாளர்களை எதிர்த்து 70.4 விழுக்காடு பெற்று வென்றார். சீனர் பெரும்பான்மையராய் வாழும் நாட்டில் பத்தில் ஏழு பேர் அவரைத் தேர்ந்தனர். லிட்டில் இந்தியாவிலும் தெம்பனிஸ் அடுக்குமாடிகளின் கீழும் அன்றிரவு நம்மவர் நெஞ்சு நிமிர்ந்தது இயல்பே. அப்பெருமிதத்தை நான் குறை கூறேன். ஆனால், அந்த விழுக்காட்டை என்ன பொருளில் கொள்வது என்பதில் நமக்குத் தெளிவு வேண்டும். அது ஒரு மனிதரின் தகுதிக்கு மக்கள் தந்த மதிப்பு. இன வேற்றுமை இந்நாட்டில் இனி இல்லை என்பதற்கு அது பத்திரம் ஆகாது. தமிழுக்கு எவரோ காவல் நிற்கிறார் என்று நாம் கண்ணுறங்குவதற்கு அது காரணமும் ஆகாது.

நிறைவாக

இவ்வரலாறுகளிலிருந்து நாம் தெளிவது ஒன்றே. முதல் வரவேற்பு தவணை குறித்த கடன் போன்றது. கையில் உள்ள அதிகாரத்துக்கு உட்பட்ட பணியில் உடனே முதலீடு செய்பவர்க்கு அது பயன் தரும். பிறர் கையில் உள்ள சாவிக்கு அது மாற்றுச் சாவி ஆகாது. வரவேற்பு உள்ளபோதே சட்டமாகவும் நிறுவனமாகவும் மாற்றப்பட்டவை, தலைவர் போனபின்னும் நிற்கின்றன. மாற்றப்படாதவை கூட்டம் கலையும்போதே கலைகின்றன. எனவே, புதிய தலைவர் ஒருவரை எத்தனை பேர் வரவேற்றனர் என்று எண்ணுவதோடு நாம் நின்றுவிடலாகாது. வரவேற்பு நீங்குமுன் அவர் எதனை எழுதி வைத்தார் என்று கேட்கப் பழகுதல் வேண்டும்.

எழுதி வைத்ததைக் காப்பதோ நம் கடன். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் தமிழைப் பெரிதும் பேசுவோர் சிங்கப்பூரில் வாழ்வோருள் 2.5 விழுக்காட்டினரே. 1956இல் சட்டமன்றத்தில் தமிழுக்குப் போட்ட இருக்கை இன்றும் அங்கேயே இருக்கிறது. அரசியல் சட்டத்திலும் தமிழ் இருக்கிறது. தலைவர்கள் தம் காலத்தில் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுப் போயினர். மாலை வேளையில் தெம்பனிஸ் மாடி வீடுகளின் கதவுகளுக்குப் பின்னால் பிள்ளைகளோடு எந்த மொழியில் பேசுகிறோம் என்பதை எந்தத் தலைவரும் நமக்காக முடிவு செய்ய இயலாது. அந்த வாக்கு நாள்தோறும் நம்மிடமே கேட்கப்படுகிறது.